ஐந்தாவது ஆணி

ஒப்பந்தத்தில் எழுதியதல்ல.
சாவியைத் தரும்போது, கையை விடாமல் சொன்னது:
"சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதும்மா.
கம்ப்யூட்டர் வச்சுக்க, வேணாங்கல.
போர்டு மட்டும் மாட்டிராத.
ஈபிக்காரன் பாத்தான்னா கமர்ஷியல்னு மாத்திப்புடுவான்."
ஓனர் தனுஷ்கோடி கீழே. நாங்கள் மாடி.
வில்லாபுரம், ஒன்றரை அறை.

அந்த அரை எனக்கு என்று பேச்சு.
டேப் பிடித்தேன்.
கட்டில் போக நாலேமுக்கால் அடி.
பீரோ கதவு திறக்க அதில் ஒன்றே முக்கால்.
மிச்சத்தில் பதினோரு கடைகள் உட்கார வேண்டும்:
கீழமாசி வீதி வத்தல் மண்டி,
தெற்குவாசல் சைக்கிள் சாமான்,
பில்லே அனுப்பாமல்
"போன மாசம் மாதிரியே போட்ருங்க" என்கிற
காளவாசல் பேட்டரிக் கடை,
இன்னும் எட்டு.

ஆடிட்டர் ஆபீசில்
ஒன்பது வருடம் கழிவறைக்குப் பக்கத்து மேசை.
அதைவிட இது பெரிசுதான் என்று
சொல்லிக்கொண்டேன்.

ஒச்சப்பனுக்குக் கப்பலூர் டோல்கேட்டில் இரவு ஷிப்ட்.
காலை ஏழரைக்கு வந்து சாய்ந்தால்
அவன் பாதம் என் நாற்காலியில் இடிக்கும்.
நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டினேன்.
போனில் கடைக்காரர்களிடம்
கோயிலுக்குள் பேசுவதுபோல் பேசினேன்.
ஃபேனுக்குத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.
அவனுக்கு ஐந்து வேண்டும். என் காகிதங்களுக்கு இரண்டு.
ஒரு நாள் வத்தல் மண்டி பில்கள் மொத்தமும் எழும்பிப்
பறந்து அவன் முகத்தில் இறங்கின.
எழுந்து உட்கார்ந்து பதினாறு தும்மல்.
பில்லில் சிவப்பாய் ஒட்டியிருந்தது மைதான் என்று
அதுவரை நினைத்திருந்தேன்.

மண்டியில் சொன்னேன். சிரித்துவிட்டு
சும்மா கிடந்த அரைக்கிலோ எடைக்கல் இரண்டைக்
கொடுத்தனுப்பினார்கள்.
அன்றிலிருந்து ஃபேன் நாலில் ஓடுகிறது.

சுவரில் முன்னவர்கள் விட்டுப்போன ஆணிகள் நான்கு.
வாசல் நிலைக்கு மேலே ஒன்று, அது சாமிக்கு.
கதவுக்குப் பின்னால் யூனிஃபார்முக்கு.
வளைந்துபோன ஒன்றில் வண்டிச் சாவி.
நாலாவது,
முழங்கால் உயரத்தில், எதற்கும் ஆகாத இடத்தில்.
குழந்தைக்கு அடித்ததா, குறி தவறியதா,
மூன்று மாதம் அதில் சேலைதான் கிழிந்தது.
மேசையைச் சன்னல் பக்கம் நகர்த்திய அன்று
எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு
அங்குமிங்கும் பார்த்தேன்.
அதன் முதுகு ஓட்டை அந்த ஆணியில்
அப்படியே போய் உட்கார்ந்தது.
ஒயர் கொஞ்சம்கூடத் தொங்கவில்லை.
எனக்கு முன்னால் யாரோ
இதே மூலையில்
கட்டிலில் தூங்குகிறவரை எழுப்பாமல்
எதையோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

போர்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.
ஒச்சப்பன்தான் ஸ்டிக்கர் கடையில் சொல்லி
ஒன்றரை அடிக்கு அடித்து வந்திருந்தான்,
இருநூற்று எண்பது ரூபாய்.
இனிஷியல், பெயர், பி.காம்.
"வெளிய மாட்டக் கூடாதுன்னுதான சொன்னாரு?"

ஆடியில் முளைப்பாரி எங்கள் தெருவுக்குள் திரும்பிய ராத்திரி
அவனுக்கு லீவு.
நான் செல்போன் வெளிச்சம் பிடித்தேன்.
அவன் எடைக்கல்லை ஓங்கினான்.
உறுமிக்கு ஒரு அடி.
உறுமி நின்றால் கையும் நிற்கும்.
குலவை எழுந்தபோது சேர்த்து மூன்று.
காரை பெயர்ந்து கீபோர்டில் விழுந்தது.
எஃப் எழுத்து இன்னும் கரகரக்கிறது.

அதற்கு மேல் நாள்காட்டி.
போர்டு அகலம், நாள்காட்டி குறுகல்.
இந்தப் பக்கம் என் இனிஷியல் தெரிகிறது,
அந்தப் பக்கம் பி.காம்.
பெயர் மட்டும் தேதிக்குப் பின்னால்.

வாடகைக்கு வந்தார் ஓனர்.
நேற்றைய தாளைக் கிழித்துக் கசக்கிச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"இன்னைக்கு இருபதும்மா. உனக்குக் கடைசி நாள்ல?"
ஆமாம் சார் என்றேன்.
வாசல் நிலையிலிருந்து
விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.
"நாலுதான?"
கட்டிலில்
போர்வை குலுங்கியது.