இதர

சாயல்குடி தாண்டியதும் உடைமரங்கள் குட்டையாகிவிட்டன.
பின்னால் தடதடத்து வருகிறது
என் எட்டடி வீடு.

ஐஸ்கட்டி ஏற்றிய டிரெய்லர் அது.
மீன் வாடை போக மூன்று முறை சோடா போட்டுக் கழுவினேன்.
நாமக்கல் பட்டறைக்காரர் தகரக் கூரை அடித்து
ஜன்னலுக்கு வெட்டும்போது கேட்டார், "ஒண்ணு போதுமா?"
போதும். பார்க்கிற கண் ஒரு ஜோடிதானே.

பத்தொன்பது வருடம் ஆர்.டி.ஓ. ஆபீசில்
ஊரார் வண்டிகளுக்கெல்லாம் படிவம் சரிபார்த்தவள்.
என் வண்டியின் முறை வந்தபோது
'வகை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?
சரக்கு இல்லை. பயணி இல்லை. விவசாயமும் இல்லை.
ஆய்வாளர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு
'இதர' என்று போட்டார்.
அந்தச் சொல்லை வழியெல்லாம்
கன்னத்தில் கற்கண்டாக ஒதுக்கிக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி பிறந்து எட்டு நாள்.
வாடை எழுந்து வடகடல் கொதிக்கிற காலம்.
இந்தத் தென்கடலோ
ஆறிய கஞ்சிபோல் ஏடு படிந்து கிடக்கிறது.
மூக்கையூருக்கு மேற்கே மணல்மேட்டின் அடியில்
சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தினேன்.
ஒரே ஒரு நகரை மீன் வாங்கினேன்.
குழம்பு மட்டும் குறையவில்லை.
என் கை புளியை இன்னும் நாலு பேருக்கே கரைக்கிறது.

பதினொன்றேகாலுக்குக் கதவில் டார்ச் வெளிச்சம்.
கடலோரக் காவல், இருவர்.
கடலட்டையா, மஞ்சளா, பீடி இலையா,
அக்கரைக்குப் போக எது காத்திருக்கிறதென்று
மெத்தையைப் புரட்டினார்கள், தண்ணீர்க் கேனை முகர்ந்தார்கள்.
ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒரு தலையணை.
தலையணையை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார் இளையவர்.
"கூட யாரு?"
யாருமில்லை.
"பின்னாடி யாராவது வருவாங்களா?"
இல்லை.
"வீட்ல சண்டையா?"
இல்லை.
பெரியவரின் சட்டையில் பெயர்: வழிவிட்டான்.
சிரிப்பை விழுங்கிக்கொண்டேன்.
"வந்த காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. என்ன போட?"
"இதர."
நிஜமாகவே எழுதிக்கொண்டார்.
"ரெண்டு மணிக்கு மழை எறங்கும். வண்டிய மேட்டுல ஏத்திப் போடுங்க."

ஏற்றவில்லை. சோம்பல்தான்.

ஒன்றரைக்கே வந்துவிட்டது.
தகரத்தின்மேல் யாரோ
மூட்டை மூட்டையாகப் புளியங்கொட்டை கொட்டினார்கள்.
பயந்தேன். அதையும் எழுதிவிட வேண்டும்.
ஜன்னல் மூலையில் ஒழுகிய இடத்தில்
இருந்த ஒரு டம்ளரை வைத்தேன்;
நிரம்ப நிரம்ப எழுந்து ஊற்றினேன், ஏழு தடவை.
எட்டாவதுக்கு எழவில்லை, தூங்கிப்போனேன்.

விடியும்போது இடது சக்கரம் அச்சு வரை மணலுக்குள்.

பாசி பறிக்கப் போகிறவர்கள் வந்தார்கள்,
இடுப்பில் சாக்கு, விரல்களில் சுற்றிய துணிக்கந்தல்.
பனைமட்டை கொடுத்து, தோள் கொடுத்து,
என்னையும் நாலு திட்டுத் திட்டி
மேட்டுக்கு ஏற்றினார்கள்.
டீ போட்டேன். அந்த ஒரு டம்ளர்
ஆறு கை மாறி வந்தது.

சந்தியாகம்மாள் உள்ளே தலையை நீட்டி
எல்லாவற்றையும் விலை கேட்டாள்.
பிறகு, "கொஞ்சம் படுத்துப் பாக்கட்டா?"
ஈரச் சேலையோடு படுத்தாள்.
ஜன்னலில் இருந்தது
அவள் நாள்தோறும் மார்பளவு இறங்குகிற அதே கடல்.
கண் கொட்டாமல் பார்த்தாள்.
வெளியே ஒருத்தி கூப்பிட்டாள், இன்னொருத்தி கூப்பிட்டாள்.
"இருங்கடி" என்றாள்,
குரலை உயர்த்தாமல்.

அவர்கள் போன பின்
தலையணையை வெயிலில் வைத்தேன்.
சாயங்காலம் எடுத்தபோது
நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு
வெள்ளையாய் உப்பு.
இன்னும் இரண்டு இரவு இருந்தேன்.
தலையணையைத் திருப்பிப் போடவில்லை.