கேரியர் இல்லாத வண்டி

நாற்பத்தெட்டாயிரம் என்றதும்
ஒத்தக்கடை டீக்கடைக்காரர்
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.
ஸ்டாண்டு இல்லை. மட்கார்டு இல்லை. பெல் இல்லை.
"கேரியர் கூடவாம்மா இல்ல?
அப்பறம் எதுக்குத்தான் இந்தக் காசு?"
சுவரில் சாய்த்தேன்.
பதில் சொல்வதைவிட அது சுலபம்.

அந்நேரம் பார்த்துக் கடை முன்னால்
ஒரு டிவிஎஸ் ஐம்பது போகிறது:
ஆறு வாழைத்தார், பின்னால் மனைவி,
அவர் மடியில் ஒரு தராசு.
எதுவும் ஆடவில்லை.

எனக்கு ஒரு டெலஸ்கோப், அதற்கு மூன்று கால்.
எல்லாம் சேர்த்து மூன்றரைக் கிலோ.
முதல் ஞாயிறு முதுகில் மாட்டினேன்,
யானைமலை முடிவதற்குள்
சட்டைக்குள் ஒரு கண்மாய்.
அடுத்த ஞாயிறு ஹேண்டில்பாரில்.
எங்கே குழி இருந்தாலும்
முன்சக்கரம் அதைத் தேடிப் போய் விசாரித்தது.
அதற்கடுத்த வாரம் சட்டத்தின் மேல் நீளமாகக் கட்டி
முட்டி இரண்டும் கன்றிப்போய்
திங்கள்கிழமை வங்கிக் கவுன்டரில்
உட்கார முடியாமல் நின்றே பணம் எண்ணினேன்.

பிறகுதான் கீழமாசி வீதி.
தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கிளாம்பு நான்கு,
அலுமினியப் பட்டை இரண்டடி.
பஞ்சர் கடை செல்லப்பாண்டி
பழைய டியூப் ஒன்றைச் சும்மா கொடுத்தார்.
குறுக்கே வெட்டினால் வளையம்,
நெடுக்கே வெட்டினால் கயிறு.
என் வண்டிக்கும் கேரியர் வந்தது,
எருமைக்குக் கொலுசு போட்ட மாதிரி.

பக்கத்துக் கவுன்டர் ஜெய்னுல்
எதுவும் கொண்டுவர மாட்டான்.
சட்டைப்பையில் ஒரு சீப்பு, அவ்வளவுதான்.
"நீ வச்சிருப்பேல்ல" என்பான்.
வைத்திருக்கிறேன்.
அவன் சக்கரம் இருபத்தாறு, என்னுடையது இருபத்தொன்பது,
அதனால் இரண்டு டியூப்.

நரசிங்கம்பட்டியில் நாற்கரச் சாலையை விட்டு
மண்பாதையில் இறங்கியதும்
டிக்.
நிறுத்தினேன். பம்பை ஆட்டிப் பார்த்தேன். பம்பு இல்லை.
ஸ்பேனர் பையை இறுக்கினேன்.
டிக்.
டிபன் பாக்ஸுக்குள் ஸ்பூன்தான் என்றான் ஜெய்னுல்.
ஸ்பூனுக்குக் கைக்குட்டை சுற்றினோம்.
டிக், டிக்.
அரிட்டாபட்டிப் பாறை தெரிகிற இடத்தில்
சத்தம் தானாகவே நின்றது.
நின்ற பிறகுதான் தெரிந்தது,
கேரியர் ஒருபக்கம் தொங்குகிறது.
ஒரு திருகு விழுந்துவிட்டது.
ஐந்து மில்லிமீட்டர். பொட்டளவு தலை.

என்னிடம் இருந்தவை:
இரண்டு டியூப், ஒட்டுப் பசை, செயின் பூட்டு,
எண்ணெய், கத்தரி, டார்ச்,
மழைக்கு ஒரு பாலிதீன் உறை, பங்குனி வெயிலில்.
திருகு இல்லை.

ஜெய்னுல் வந்த வழியே
தரையைப் பார்த்துக்கொண்டு நடந்து போனான்.
கால் மணி நேரம் கழித்து
ஒரு இறகோடு வந்தான்.
"அது கெடைக்கல. இது கெடந்துச்சு."

இறகைத் தண்ணீர் பாட்டில் ஓரம் செருகும்போது
பார்த்தேன்:
பாட்டில் கூண்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும்
இரண்டு திருகு. அதே ஐந்து.
ஒன்றைக் கழற்றினால் கூண்டு நிற்காது.
இரண்டையும் கழற்றினேன்.
ஒன்று கேரியருக்கு.
ஒன்று அவன் சீப்பு இருக்கும் பையில்,
"இனிமே நீயும் ஒண்ணு சுமக்கிற."
மறுக்கவில்லை. மேலே பித்தானையும் போட்டுக்கொண்டான்.

கூண்டு பைக்குள் போனது.
இடமில்லாமல் நின்றது தண்ணீர்தான்.
முக்கால் லிட்டர். ஆளுக்குப் பாதி.
நின்றபடியே வயிற்றில் ஏற்றிக்கொண்டோம்.
மேட்டில் மிதிக்கும்போது
எனக்குள் அது தளும்புவது கேட்டது.

முக்காலியை விரிப்பதற்குள்
பாறை இடுக்கிலிருந்து ராசாளி ஒன்று எழுந்தது.
காலில் ஓணான்,
தலை முன்னால், வால் பின்னால்,
காற்றுக்கு இடம் விட்டு, நீளவாக்கில்.
எதுவும் ஆடவில்லை.
"பட்டை கிட்டை எதுவும் போடல, பாத்தியா"
என்றான் ஜெய்னுல்.

மூன்றரைக் கிலோவையும் திரும்பக் கட்டினேன்.
இறங்கும்போது, கண்மாய்க் கரை திருப்பத்தில்,
மறுபடி
டிக்.
நான் நிறுத்தவில்லை.