தரை பார்த்தல்

பேராதனைப் பக்கம் முதல் பள்ளி.
வாசலில் செருப்பைக் கழற்றியதுமே
உள்ளங்கால் சொல்லிவிட்டது
இது நான் ஒட்டிய டைல்ஸ்.
இரண்டுக்கு இரண்டு, வெள்ளை.
போன வருடம் அடைமழையில் நாலு நாள்
முழங்காலில் நின்று ஒட்டியது.
வங்கிக்கு வாடகைக்கு விடப்போகிறோம் என்றார்கள்.
பிள்ளைகள் குதிப்பார்கள் என்று
யாரும் சொல்லவில்லை.

சுவர் நிறையச் சான்றிதழ்கள்.
சுபோதினி கட்டணம் கேட்டாள், பரீட்சை கேட்டாள்,
டிசம்பர் மேடைக்கு உடுப்பு எவ்வளவு என்று கேட்டாள்.
நான் குனிந்து
விரல்முட்டியால் தரையைத் தட்டினேன்.
டொக்.
அடியில் கொங்கிரீட், அதற்கும் அடியில் மலை.
விழுகிற காலிடம் எதையும் வாங்கிக்கொள்ளாது,
அத்தனையையும் முழங்காலுக்கே திருப்பி அனுப்பும்.
முழங்காலைப் பற்றி
எனக்குக் கொஞ்சம் தெரியும்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி
தட்டித் தட்டிப் பாக்கிறீங்க" என்றாள் பஸ்ஸில்.
பெண் பார்க்கப் போனபோது
நான் எதையும் தட்டிப் பார்க்கவில்லை என்றேன்.
கண்டி வரைக்கும் பேசவில்லை.

குண்டசாலையில் தரை
நான் கனவில் போடுகிற தரை.
தேக்குப் பலகை, அடியில் ரப்பர்,
யதுர்ஷா ஒரு தரம் துள்ளியதும்
அது ஒரு மூச்சு உள்வாங்கி
அவளை மெல்ல இறக்கி வைத்தது.
இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.
அப்போது கொடுத்தார்கள் ஒரு தாள்:
சப்பாத்து ஒரு சோடி, கொண்டைவலை,
தோல் நிறக் காலுறை இரண்டு.
மாதிரிக்கு ஒன்றை விரித்தும் காட்டினார்கள்.
ரோஜா இதழின் வெளிறிய பக்கம்.
யதுர்ஷா அதன் பக்கத்தில்
தன் கையை வைத்துப் பார்த்தாள்.
"மிஸ், இது யாரு தோலு?"

மிஸ் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான்.
பக்கத்துத் தாய்மாரும் சிரித்தார்கள்.
நான்கூடச் சிரித்துவிட்டேன்,
அதுதான் ராத்திரி தூக்கத்தில் வந்தது.

கட்டுகஸ்தோட்டையில் டயர் கடைக்கு மேல் மாடி.
பிடித்து நிற்க ஜீஐ பைப்,
கண்ணாடி என்றால் ஓர் அலுமாரிக் கதவு.
பழைய பலகைத் தரை, இரண்டு பலகை ஆட்டம்.
கீழே சக்கரம் சுழற்றும் யந்திரம் ஓடும்போதெல்லாம்
மேலே எல்லாருடைய பாதமும் கூசும்.
ரோஷெல் மிஸ்ஸுக்குப் பெருவிரல் நகம் கறுத்திருந்தது.
தமிழ் பாதி, சிங்களம் பாதி,
மிச்சம் பிரெஞ்சு.
"பிளியே" என்று முழங்காலை மடித்துக் காட்டினார்.
"புளியே" என்று மடித்தாள் இவள்.
இங்கே எல்லாருக்கும் அந்த பாஷை
ஒரே அளவுக்குத் தெரியாது என்பது
எனக்கு ஏனோ ஆறுதல்.

அதே கேள்வியை இங்கேயும் கேட்டாள்.
மிஸ் சிரிக்கவில்லை. குந்தியிருந்து
அவள் முன்கையைத் திருப்பிப் பார்த்தார்,
நான் டைல்ஸ் பெட்டியில்
நிற இலக்கம் பார்ப்பதுபோல.
"வெள்ளைக் காலுறை வாங்குங்க.
சாயத்தண்ணியில ஊறப் போடுங்க.
கடுஞ்சாயம். சீனி போட வேணாம்."

சுபோதினிக்கு இன்னும் சான்றிதழ்கள்மேல் கண்.
ஐந்தே முக்கால் பஸ்ஸை விட்டால்
ஓட்டோவுக்கு அறுநூறு.
கோபம்கூட நியாயம்தான்.
ஆனாலும் அடுப்பில் சட்டியை வைத்தது அவள்தான்.
இலை போட்டாள், பத்தாது என்று
இன்னொரு கை போட்டாள்.
அவளுடைய அம்மா கிள்ளி
அவளை வளர்த்த இலை.
அதைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை.
காலுறை ஒரு பக்கம் உப்பி மிதந்தது.
யதுர்ஷா முக்காலியில் ஏறி
ஆவிக்கு மேலே கையை நீட்டி
"இன்னும் கொஞ்சம்" என்றாள்.
"இன்னும் கொஞ்சம்."

நான் கராஜில் இரண்டங்குல ஆணி தேடிக்கொண்டிருந்தேன்.
ஆட்டம் காணும் பலகைகள் இரண்டும்
ஜன்னலோரம், இடமிருந்து நாலாவது, ஏழாவது.