கழிவு போக

சீட்டு ஒரு லட்சத்து இருபதினாயிரம்.
கழிவு போகக் கைக்கு வந்தது லட்சத்துப் பத்து.
நான்காய் மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகி
ஹட்டன் டவுனில் இறங்கினேன்.
எனக்கு முன்பே இறங்கியிருந்தது மழை.

கடைக்குள் முப்பது டீவி. முப்பதிலும் ஒரே மலை.
ஒரே கொழுந்துக்காரி ஒரே நேரம் சிரிக்கிறாள்.
தலைக்கயிறு நெற்றியில் பதியவே இல்லை.
இடுப்பில் படங்கு இல்லை, காலில் அட்டை இல்லை,
கூடைக்குள் ஒரு பிடி.
அவளுக்கு இன்றைக்கு அரைப்பேர்தான்
என்று நினைத்துக்கொண்டேன்.

அஸ்மீர் என்று சட்டையில் பேர் குத்திய பொடியன்
"அக்கா, ஐம்பத்தஞ்சு பாருங்க" என்றான்.
கட்டில் அகலம். இரண்டு லட்சத்துக்குக் கிட்ட.
எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு.
இதை வைத்தால் படம் உள்ளே, நாங்கள் வாசலில்.

"அப்ப இது. நாப்பத்திமூணு. லட்சத்து நாலாயிரம்."
கையை விரித்து அளந்தேன். எனக்குக் குறைந்தது.
"குறுக்கால இல்லக்கா, மூலையிலருந்து மூலைக்கு
சரிவா அளக்கணும். உலகம் பூரா அப்பிடித்தான்."

சரிவாகவா?
மடுவத்தில் எங்கள் கொழுந்தை நிறுக்கும்போது
சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு இரண்டு கிலோ.
வெயில் கொளுத்துகிற நாளிலும்
தண்ணிக்கு இரண்டு கிலோ.
நாங்கள் கொடுப்பதெல்லாம் நேராய்க் குறையும்,
வாங்குவது மட்டும் சரிவில் கூடுமா?
பொடியன் சிரித்தான். அவனுக்கும் மேலே ஒரு முதலாளி.

பெரியதில் பச்சை கொதித்தது. சின்னதில் கொஞ்சம் மங்கல்.
"கலரப் பாருங்கக்கா, வித்தியாசம் தெரியுதா?"
இருபத்தாறு வருஷமாய் விரல் நுனியில் பார்க்கும் பச்சை, தம்பி.
உரம் போட்ட மறுவாரத்துப் பச்சை,
கவ்வாத்து வெட்டிய கட்டையில்
பயந்து பயந்து எட்டிப் பார்க்கும் பச்சை,
முத்தல் இலையின் முரட்டுப் பச்சை.
இந்த மாதிரி ஒன்று எங்கள் மலையில் முளைத்தால்
என்ன மருந்து அடித்தீர்கள் என்று
டீமேக்கரே ஓடி வருவார்.

ரிமோட்டில் எதையோ தேடி அமுக்கினான்.
கடைக்கென்று வைத்த வெளிச்சமாம் அது.
பெரிய மலையும் சின்ன மலையும்
ஒரே மலையாய் வாடின.

பர்சிலிருந்து சிவப்பு நூலை எடுத்தேன்.
கட்டில் தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவே
மருதவீரன் பிடித்து அறுத்துக் கொடுத்தது.
ஒரு முனை டீவியோரம், அஸ்மீர் கையில்.
மறுமுனையில் நான், வாஷிங் மெஷின்களுக்கு இடையில்.
"ஒரு மேட்ச் போடு தம்பி."
விறகு வெட்டும்போது சிராய் தெறித்தது
மருதவீரனின் இடது கண்ணில்.
என் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன்.
நூற்றி முப்பத்தெட்டுக்கு ஆறு.
எழுத்துக்கூட்டாமல் வாசித்தேன்.
"பில்ல போடு."

மிச்சம் ஆறாயிரத்தில் ஐயாயிரம்
வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கு ஒரு பெட்டியாய்ப் போனது.
பஸ்ஸில் டீவிக்கும் டிக்கெட் கிழித்தான் கண்டக்டர்,
அரை டிக்கெட் கேட்டேன், முழுசாய்த்தான்.
ரோட்டிலிருந்து லயத்துக்கு நூற்றுப் பதினெட்டுப் படி.
மேல்வீட்டு நிக்சன் பெட்டியை நெஞ்சில் சாய்த்து ஏறினான்,
நான் பின்னால் குடை பிடித்தேன்,
பெட்டிக்கு.

சுவரில் ஆணி நிற்கவில்லை. சுண்ணாம்பு கையோடு வந்தது.
அரிசிப் பீப்பாய் மேல் பலகை போட்டு வைத்தோம்.
ஓரத்தைத் தடவிக்கொண்டே மருதவீரன் கேட்டான்:
"எத்தன இஞ்ச்?"

நிரோஷாவின் தையல் டேப்பை எடுத்து
நேர் குறுக்காய்ப் பிடித்தேன்.

"நாப்பத்திமூணு," என்றேன்.
"கழிவு போக முப்பத்தேழரை."