மூன்று கிலோ

பெலேம் நகரில் மழைக்கு நேரம் உண்டு.
மூன்றரைக்கு வரும், தகரக் கூரையோடு சண்டை பிடிக்கும்,
நாலரைக்குப் போய்விடும்.
அந்த ஒரு மணி நேரத்தில்தான்
பல்கலைக்கழகத்தின் ஜியு-ஜிட்சு கூடத்தில்
நான் மனிதர்களின் பிடியை அளந்தேன்.

சின்ன வேலை.
ஒரு இரும்புக் கைப்பிடி, அதில் ஒரு முள், ஒரு நோட்டு.
அழுத்து, அழுத்து, விடு.
முள் நின்ற இடத்தை எழுத வேண்டும்.
ஒரு நாள் உடம்பை நீட்டி இழுத்துவிட்டு வருவார்கள்,
தசைக்கு முப்பது நொடி, மும்முறை.
இன்னொரு நாள் நாலு சுற்று ஓடிவிட்டு அப்படியே வருவார்கள்.
நோட்டில் இரண்டே கட்டங்கள்.

சோம்பல் முறிப்பது என்கிறோம்.
முறிவது சோம்பல் மட்டும் அல்ல போல.
நீட்டிய நாளில் முள்
சொல்ல வந்ததை மறந்தவன்போல்
கொஞ்சம் முன்னதாகவே நின்றது.
ஒருவனுக்கு ஒரு கிலோ. ஒருத்திக்கு இரண்டரை.
ஜெனிவால்டோவுக்கு ஒன்றுமே குறையவில்லை;
மீன் சந்தையில் பனிக்கட்டி உடைப்பவன், சிரித்துவிட்டுப் போனான்.

இழுத்து வைத்த தசை
இன்றைக்கு இவ்வளவுதான் என்று நம்பி
தானே விளக்கை அணைத்துவிடுகிறது,
அப்படித்தான் எனக்குத் தோன்றியது.
பேராசிரியர் ஒடைர் நரம்பு, தசைநாண் என்று
அரைமணி நேரம் விளக்கினார்.
நான் விளக்கோடு நிறுத்திக்கொண்டேன்.

இவநெய்டிக்கு மூன்று கிலோ.
ஊதாப் பட்டை. விடியுமுன் படகுத் துறையில்
அசாயிக் கூடைகள் இறக்குபவள்,
நகக்கண்ணெல்லாம் கறுத்த ஊதா.
இரண்டு வருடம் முன்பு, சந்தாரேமில்,
அவளுடைய இடது இடுப்பு
துணி கிழிவதுபோல் ஒலித்தது.
அதன்பிறகு நீட்டாமல் களம் இறங்கியதில்லை.

நோட்டைக் காட்டினேன்.
முப்பத்தெட்டு. முப்பத்தைந்து.
"சனிக்கிழமை நீட்டாதே. போட்டி முடிந்து நீட்டிக்கொள்."
அவள் பாயில் கால்களை விரித்து
நெற்றியைத் தரையில் வைத்திருந்தாள்.
தரையிடம் சொல்வதுபோல் சொன்னாள்:
"இதற்கு மூன்று கிலோ போகிறது. சரி.
பயத்துக்கு எவ்வளவு போகும்?
அதை அளக்க என்ன வைத்திருக்கிறாய்?"

கூரை பேசிக்கொண்டிருந்தது. நான் பேசவில்லை.

சனிக்கிழமை தெருவெங்கும் மாமரங்கள்
நிறுத்திய கார்கள்மேல் பழம் எறிந்தன.
அவள் நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எண்ணவும் செய்தேன், முப்பது நொடி, மும்முறை;
பழக்கதோஷம்.

அரையிறுதி. எதிரே மக்காபாவிலிருந்து வந்தவள்,
தலைக்கும் தோளுக்கும் நடுவே கழுத்து வைக்க மறந்த உடம்பு.
ஆறரை நிமிடம் அவள் சட்டைக்கையை
இவநெய்டி உடும்பாய்ப் பற்றியிருந்தாள்.
இடுப்பு திறந்தது, எண்ணெய் போட்ட கதவு.
நீட்டாத உடம்பு அப்படித் திறக்காது.
திறக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது.
இருபது நொடி மிச்சம்.
நான்கு விரல். மூன்று.
துணியின் விளிம்பு.
காற்று.

மூன்று கிலோ, என்று நினைத்தேன்.
நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.
வெட்கப்பட்ட பிறகும் நினைத்தேன்.
அன்று விடியலில் இறக்கிய கூடைகளை
எந்தக் கட்டத்தில் கழிப்பது?

வியர்வை சொட்ட வந்தாள்,
என் பையைத் தானே திறந்தாள்,
கருவியை எடுத்தாள்.
அழுத்து என்று நான் சொல்லவில்லை.
இருபத்தொன்று.
"எழுது" என்றாள்.

நீட்டிய நாளா, நீட்டாத நாளா,
தோற்ற நாளுக்குக் கட்டமே போடவில்லை.
சிவப்புக் கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
தேதி இல்லாமல் எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்து, ம் என்றாள்.
பிறகு தண்ணீர்ப் புட்டியை
என்னிடம் நீட்டினாள்,
மூடியைத் திறந்து தரச் சொல்லி.