இரண்டாவது கருவி

கெலுகோர் மேட்டில் எங்கள் விடுதிக்கு நான்கு மாடி.
வைஃபை முழுதாகக் கிடைப்பது ஒரே இடத்தில்:
துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பின்னால்
ஏழாவது படி.
ஆறில் இரண்டு கோடு.
எட்டில் சக்கரம் சுற்றும்,
சுற்றிக்கொண்டே இருக்கும்.

மின்னியல் படிக்கும் தர்வினேஷ்
சுவரைத் தட்டிப் பார்த்துக்
காங்கிரீட்டுக்குள் கம்பி என்றான்.
ஷாஸ்வானி, பேய் என்றாள்.
இருவரும் அங்கே உட்கார்ந்துதான்
அசைன்மென்ட் அனுப்பினார்கள்.

என் முறை அதிகாலை இரண்டு மணி.
அன்று எனக்கு முன்பே படியில் ஒருவர்,
ஜாகா தில் பகதூர்.
தொப்பியை முழங்காலில் கவிழ்த்து
ஒழுகும் கூரைக்குச் சட்டி பிடிப்பவர்போல்
கைப்பேசியை ஏந்தியிருந்தார்.
கோடுகள் நிறைந்திருந்தன.
உள்ளே போக முடியவில்லை.
ஓராண்டாகக் கதவு திறந்துவிடும் மனிதரிடம்
பல்கலைக்கழகம் கேட்டது:
மெட்ரிக் எண்?
கடவுச்சொல்?

என்னைக் கண்டதும் எழுந்துகொண்டார்.
டாப்அப் முடிந்துவிட்டது, அடேக்.
சம்பளம் வெள்ளிக்கிழமை.
குழந்தை இன்றோ நாளையோ.
பிழையான மலாயில் சொன்னார்.
நான் பிழையில்லாத மலாயில்
ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

ஒரு மாணவருக்கு இரண்டு கருவிகள், அதுதான் விதி.
மடிக்கணினி ஒன்று, என் கைப்பேசி இன்னொன்று.
என் கைப்பேசியை நீக்கினேன்.
அவருடையதைச் சேர்த்தேன்.
புதுக் கருவிக்குப் பெயர் கேட்டது.
பயத்தில் 'பிரிண்டர்' என்று அடித்தேன்.

பிறகு வந்த நாள்களில்
வகுப்பு ரத்தானது எனக்கு மட்டும் தெரியாமல்
மழையில் மேடேறிப் போய்
பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன்.
சுங்கைப் பட்டாணியிலிருந்து அம்மா
ஒற்றை டிக் ஏன் என்று
சாதாரண அழைப்பில் சண்டை போட்டாள்.
பசார் மாலாமில் எல்லோரும் சிரித்த மீமுக்கு
நான் மறுநாள் சிரித்தேன்.

மூன்றாம் இரவு தில் பகதூர் திரையைக் காட்டினார்.
இங்கே இரண்டு மணி.
அங்கே பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி.
மருத்துவமனை விளக்கு, யாருடையதோ ஒரு வளையல்,
பிறகு கட்டம் கட்டமாக ஒரு காது.
அழுகை முதலில் வந்து சேர்ந்தது.
வாய் அதற்கப்புறம்தான் திறந்தது.
அவர் கைப்பேசியை உயர்த்தவில்லை, தாழ்த்தவில்லை,
மூச்சுக்கூட விடவில்லை,
ஒரு கோடு குறைந்துவிடுமோ என்று.

வாரக் கடைசியில் கணினி மையத்திலிருந்து மின்னஞ்சல்.
தங்கள் பிரிண்டர் அதிகாலை இரண்டு முதல் நான்கு வரை
பதினொரு ஜிபி பயன்படுத்தியுள்ளது.
விளக்கம் தேவை.

எழுதினேன்:
ஐயா, என் பிரிண்டருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது,
மூன்று கிலோ,
தகப்பனைப்போல் நெற்றி.
அழித்தேன்.
கருவியில் கோளாறு, கவனித்துக்கொள்கிறேன் என்று அனுப்பினேன்.
அவர்களும் கவனித்துக்கொண்டார்கள்.
நள்ளிரவுக்குமேல் பிரிண்டர்களுக்கு அனுமதியில்லை என
மறுநாளே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்.
எல்லோரும் அதைப் படம் பிடித்துச் சிரித்தார்கள்.
எங்கள் விடுதியில்
ஒருவரிடமும் பிரிண்டர் கிடையாது.

இப்போது மடிக்கணினி ஏழாம் படியில்.
அதிலிருந்து ஹாட்ஸ்பாட்
எட்டாம் படிக்கு, அவருக்கு.
நான் ஆறில் உட்கார்ந்து
தலைக்குமேல் கை நீட்டித் தட்டச்சுகிறேன்.
ஆய்வறிக்கையின் மூன்றாம் அத்தியாயம்.
வார்த்தைக்கு வார்த்தை தப்பு.

மேல்படியில் அவர்
எனக்குப் புரியாத மொழியில்
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.
பெயராக இருக்கலாம்.
தூரத்தில் பாலத்து விளக்குகள்.
சுவருக்கு அந்தப்பக்கம் ஓர் இயந்திரம்
கடைசிச் சுற்றில் உடம்பெல்லாம் உதறி
நிற்கிறது.
யாரும் துணி எடுக்க வரவில்லை.