நெ

சுங்கம் தாண்டி எதிர்னேக்குப் போகும் சாலை.
டிசம்பர், விடிகாலை நாலரை.
மெரிச் ஆற்றிலிருந்து ஏறி வந்த மூடுபனியில்
தன் லாரியின் மூக்கே தெரியவில்லை ராட்காவுக்கு.
தெரிந்தபோது அது
குறுக்கே திரும்பி நின்ற இன்னொரு லாரியின்
விலாவுக்குள் இருந்தது.

சாலையெங்கும் எலுமிச்சம்பழம்.
மிதித்து, வழுக்கி, எழுந்து,
நசுங்கிய கதவுக்குள் கைவிளக்கை நீட்டி
பல்கேரிய மொழியில் கேட்டாள்:
உயிரோடிருக்கிறாயா?
பதினெட்டு வருடமாக இந்தத் தடத்தில் ஓட்டும் ஸ்டாமாடிசுக்கு
டீசல், டயர், லஞ்சம், உயிர்
என்ற அளவுக்கு அந்த மொழி வரும்.
"நெ" என்றான்.

கிரேக்கத்தில் அது ஆமாம்.
அவள் காதில் விழுந்தது இல்லை.

இல்லையா?
செத்தவன் எவன் தன் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறான்?
அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது அவளுக்கு,
சிரித்துவிட்டோமே என்று அழுகையும்.

ஆம்புலன்சில் வந்தவள் நெர்மின்.
இரவுப்பணியின் கடைசி மணி நேரம்.
முழங்காலைத் தொட்டுத் துருக்கியில் கேட்டாள்: வலிக்கிறதா?
"நெ."
துருக்கியில் அது என்ன?
காது அடைத்திருக்கிறது போல என்று
இன்னும் உரக்கக் கேட்டாள்.
"நெ."
குனிந்து, காதருகே, கத்தினாள்.
"நெ! நெ! நெ!"
வலிக்கவில்லையாம் என்று ராட்கா இடையில் புகுந்து
அங்கே யாருக்கும் புரியாத மொழியில் விளக்கினாள்.

அந்த லாரியை ஓட்டியது நீயா,
சைகையில் கேட்டாள் நெர்மின்.
ராட்கா தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள்.
அவள் ஊரில் அது ஆமாம்
(நம் தலை மட்டும் என்ன ஒழுங்கு).
நெர்மின் படிவத்தில் எழுதிக்கொண்டாள்:
மோதிய ஓட்டுநர் தலைமறைவு.

தமிழில் எழுதும் எனக்கு
நெ வெறும் எழுத்து. ஒற்றைக் கொம்பு, ஒரு ந.
கொம்பைச் சுழித்து நீட்டினால் நே;
அதற்கு அன்பு என்று
பழைய இலக்கணக்காரர்கள் பொருள் எழுதியிருக்கிறார்கள்.
யாரும் புழங்குவதில்லை.
அந்தச் சாலையிலும் அதற்கு வேலையில்லை.
ஒருவன் வலியில் துடிக்கிறான்,
இருவர் அவனோடு மல்லுக்கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

அவன் முழங்காலில் இப்போது எஃகுத் தகடு.
கவாலாவில், மைத்துனன் கடையில், கணக்கெழுதுகிறான்.
குளிர்காலத்தின் முதல் மூடுபனியன்று
ராட்கா வண்டியை ஓரங்கட்டிவிட்டு
போன் செய்கிறாள், ஆறு வருடமாக.
ஒரே கேள்வி, அதே கேள்வி.
அந்தப் பக்கம் தொலைக்காட்சி, தட்டு கழுவும் சத்தம்,
பிறகு சோம்பல் முறித்து இழுத்த குரல்:
"நே..."

அர்த்தம் அவளுக்குத் தெரியும்,
ஆஸ்பத்திரியிலேயே தெரிந்துவிட்டது.
ஆனாலும் காது ப்ளெவனில் பிறந்த காது.
அதற்கு முதலில் இல்லை என்றுதான் கேட்கிறது.
அந்த அரை நொடி
அவன் செத்துக் கிடக்கிறான்,
கண்ணாடிக்கு வெளியே எலுமிச்சை மணக்கிறது.

அப்புறம்தான் முழங்காலைப் பற்றி விசாரிப்பாள்.